ஓர் அணில், மூன்று மொழிகள்

மொன்றியலில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் சும்மா எங்கேயும் போவதில்லை. லவாலுக்கு ‘அப்’ போவார்கள். வெர்டனுக்கு ‘டவுன்’ போவார்கள். பாலம் தாண்டி லோங்கேய் போவதென்றால் ‘ஓவர்’. நம்முடைய முருகன் கோயில் இருக்கிற டொலார்-தெ-ஓர்மோ பக்கம் போவதென்றால் ‘அவுட்’. எல்லை கடந்து பிளாட்ஸ்பேர்க்கில் சாமான் வாங்கப் போனால் திரும்பவும் ‘டவுன்’. மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போவதற்கும் ஒரு ‘ஓவர்’ வைத்திருக்கிறார்கள்.

நாங்கள்? லவாலுக்குப் போறன், வெர்டனுக்குப் போறன், கோயிலுக்குப் போறன், கடைக்குப் போறன். ஒரு ‘க்கு’ போதும். அதை ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

இந்தக் குட்டிச் சொற்கள் வெறும் வாய்ப்பழக்கம் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இவ்வளவு காலம் இந்த ஊரில் குப்பை கொட்டிய பிறகு சொல்கிறேன், அவற்றுக்குள் ஒரு வரைபடமே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மொன்றியல் ஒரு தீவு. தெற்கே சென் லோரன்ஸ் ஆறு, நடுவில் மலை. ஆற்றை விட்டு விலகி ஏறினால் ‘அப்’, ஆற்றை நோக்கி இறங்கினால் ‘டவுன்’. வடக்கு தெற்காக ஓடும் வீதிகளின் வீட்டு இலக்கங்களும் ஆற்றுப் பக்கத்தில்தான் தொடங்குகின்றன. இதில் ஒரு கூத்து என்னவென்றால், ஊரார் ‘வடக்கு’ என்று சொல்வது உண்மையில் வடக்கே இல்லை. திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் அது வடமேற்கு. ஆறு எப்படி வளைந்ததோ அப்படியே ஊரின் திசைகளும் வளைந்துவிட்டன. புதிதாக வந்தவர்கள் சூரியன் தவறான இடத்தில் உதிக்கிறதே என்று குழம்புவார்கள். சூரியன் சரியாகத்தான் உதிக்கிறது.

ஆறுதான் இங்கே எல்லாவற்றுக்கும் அளவுகோல். 1791இல் பிரித்தானியர் இந்த நாட்டை இரண்டாகப் பிரித்தபோது ஒன்றுக்கு மேல் கனடா, மற்றதற்குக் கீழ் கனடா என்று பெயர் வைத்தார்கள். வரைபடத்தைச் சுவரில் மாட்டிப் பாருங்கள். கீழ் கனடா, அதாவது இன்றைய கியூபெக்கின் தென்பகுதி, மேலே இருக்கிறது. மேல் கனடா, அதாவது இன்றைய ஒன்ராறியோவின் தென்பகுதி, கீழே கிடக்கிறது. காரணம் ஆற்றின் ஓட்டம். ஆறு பாயும் பக்கம் கீழ், ஆறு வரும் பக்கம் மேல்.

இதைக் கேட்டுத் தமிழர் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மேற்கு என்ற நம் சொல்லுக்குள்ளே ‘மேல்’ இருக்கிறது, கிழக்குக்குள்ளே ‘கீழ்’ இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து கிழக்கே கடலுக்கு ஓடும் ஆறுகளைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் அவை. தமிழ்நாட்டு ஊர்களில் மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு, கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு. ஆக நாங்களும் நிலத்தின் சரிவைச் சொல்லுக்குள் வைத்தவர்கள்தான். ஆனால் திசைப் பெயரில் வைத்ததோடு நிறுத்திக்கொண்டோம். ஆங்கிலேயர் அதை ஒவ்வொரு ‘கோ’வுக்குப் பின்னாலும் கொண்டுதிரிகிறார்கள்.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை எனக்குக் காட்டியது ஓர் அணில்.

மொன்றியலின் பழைய மாடிவீடுகளுக்கு வெளிப்பக்கமாக வளைந்து இறங்கும் இரும்புப் படிகள் இருக்கும். அந்தப் படிகள் மனிதர்களை விட அணில்களுக்கே அதிகம் பயன்படுகின்றன. எங்கள் ஊர் அணில் இல்லை இது. இராமர் முதுகில் கோடு போடாத, கொழுத்த சாம்பல் அணில். ஒரு நாள் அப்படி ஒன்று எங்கள் பால்கனியிலிருந்து பாணைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, விளையாட்டுத் திடலில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று வளர்கிற பிள்ளை. அண்ணனிடம் ஆங்கிலத்தில் கத்தினாள்: “த ஸ்குவரல் ரான் டவுன் த ஸ்டெயர்ஸ், அக்ரோஸ் த யார்ட், அண்ட் அண்டர் த ஷெட்!”

யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்த அம்மம்மாவுக்கு அதையே சொன்னாள்: “அம்மம்மா, அணில் படியால இறங்கி, முத்தத்தைக் கடந்து, கொட்டிலுக்குக் கீழ பூந்திட்டுது!”

பின்னேரம் வந்த பள்ளித் தோழிக்குப் பிரெஞ்சில் சொன்னதையும் காது கொடுத்துக் கேட்டேன். படியில் இறங்கியது என்பதற்கு ‘தெசாந்ர்’ என்ற வினை, முற்றத்தைக் கடந்தது என்பதற்கு ‘திராவெர்சே’ என்ற வினை, கொட்டிலுக்குக் கீழ் நுழைந்தது என்பதற்கு இன்னொரு வினை.

எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வினை, ‘ரான்’. அதன் பின்னால் மூன்று குட்டிச் சொற்கள் வரிசையாக வந்து அணிலைக் கொட்டில் வரை கொண்டுபோய் விட்டன. தமிழில் மூன்று வினை: இறங்கி, கடந்து, பூந்து. பிரெஞ்சிலும் மூன்று வினை. அதுமட்டுமல்ல, அணில் ஓடியது என்ற செய்தி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழிலும் பிரெஞ்சிலும் அது ஓடியதா, தாவியதா, உருண்டதா என்று யாரும் சொல்லவில்லை. கேட்டவர்களும் கேட்கவில்லை. பாணோடு போன அணில் வேறெப்படிப் போயிருக்கும்!

அசைவைச் சொல்லும்போது இரண்டு செய்தி வேண்டும். எந்த வழியாக என்பது ஒன்று, எந்த விதமாக என்பது இன்னொன்று. ஆங்கிலம் விதத்தை வினைக்குள் போட்டு, வழியை வெளியே குட்டிச் சொல்லில் தொங்கவிடுகிறது. தமிழும் பிரெஞ்சும் வழியை வினைக்குள் போடுகின்றன: ஏறு, இறங்கு, நுழை, கட, தாண்டு, திரும்பு. விதம் வேண்டுமானால் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஓடிக் கடந்தது, தாவி இறங்கியது என்று எச்சமாக முன்னால் வைப்போம்.

இதை முதலில் கண்டவன் நான் இல்லை. இந்த ஊரில் இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக் கற்பித்த ஜான்-போல் வினே என்பவரும், முன்பு மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் தார்பெல்னே என்பவரும் சேர்ந்து 1958இல் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் நடையளவில் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார்கள். உலகமெங்கும் மொழிபெயர்ப்பு படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைத் தாண்டிப் போக முடியாது. நியூயோர்க்கிலிருந்து மொன்றியலுக்குக் காரில் வரும் பயணத்தோடு அந்த நூல் தொடங்குகிறது. வழி நெடுக ஆங்கில அறிவிப்புப் பலகைகள். எல்லை தாண்டியதும் பக்கத்தில் பிரெஞ்சும் சேர்கிறது. ஆனால் என்ன பிரெஞ்சு! ‘ஸ்லோ’ என்பதற்கு ‘மெதுவாக’ என்று அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். பிரான்சில் வளர்ந்தவன் அந்த இடத்தில் ‘வேகத்தைக் குறை’ என்று ஒரு வினைச்சொல்லைத்தான் எழுதுவான்.

ஆங்கில வாக்கியம் பிரெஞ்சுக்கு வரும்போது வினையும் துணைச்சொல்லும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று மாறி நிற்பதை அவர்கள் கவனித்தார்கள். குட்டிச் சொல் வினையாகிறது, வினை ஓரத்துக்குப் போகிறது. இதற்கு ஒரு நடன அசைவின் பெயரை வைத்தார்கள். ஆடுகிற இருவர் ஒருவரையொருவர் கடந்து இடம் மாறும் அசைவு. வினே கற்பித்த மொன்றியல் பல்கலைக்கழகம் கோத்-தே-நேஜ் பகுதியை ஒட்டினாற்போல் மலைச்சரிவில் இருக்கிறது. 1983க்குப் பிறகு வந்திறங்கிய நம்மவர் பலர் முதலில் வீடெடுத்த பகுதி அதுதான். அந்த நூலுக்கு மூன்றாவது மொழியாகச் சேர்ந்திருக்கக்கூடிய ஒன்றைப் பேசிக்கொண்டு அந்த வளாகத்து ஓரமாகவே இத்தனை வருடம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறோம்.

பின்னால் லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் உலக மொழிகளையே இந்தக் கண்ணால் பார்த்து வகைப்படுத்தினார். வழியை வினையே தாங்கும் மொழிகள் ஒரு பக்கம், துணைச்சொல் தாங்கும் மொழிகள் இன்னொரு பக்கம். டான் ஸ்லோபினும் ரூத் பெர்மனும் சொல்லே இல்லாத ஒரு தவளைப் படக்கதையை ஐந்து மொழிச் சிறுவர்களிடம் கொடுத்துக் கதை சொல்லவைத்து, 1994இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். மரப்பொந்திலிருந்து ஆந்தை வெளியே வரும் படம் ஒன்று அதில் வரும். ஸ்பானிய மொழிப் பிள்ளைகள் ‘வெளிப்பட்டது’ என்ற அளவில் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆங்கிலப் பிள்ளைகளுக்குத்தான் அது எப்படி வந்தது, பறந்தா, துள்ளியா என்ற கவலை.

தமிழுக்கு விதத்தில் அக்கறையே இல்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் நடக்கும் விதத்துக்கு எத்தனையோ வினைகள்: ‘டிரட்ஜ்’, ‘ஷஃபிள்’, ‘ஸ்ட்ரோல்’, ‘டொடில்’. மொன்றியல் தை மாதப் பனியில் நடக்கிற ஒருவனை வர்ணிக்க அத்தனையும் தேவைப்படும். நாங்கள் அந்த வேலையை இரட்டைக்கிளவியிடம் கொடுத்திருக்கிறோம். விறுவிறுவென்று நடந்தான், குடுகுடுவென்று ஓடினாள், தடதடவென்று இறங்கினான். ‘தடதடவென்று இறங்கினான்’ என்பதில் படியின் சத்தமே கேட்கிறது. பிரெஞ்சுக்காரருக்கு இந்த வசதி இல்லை, பாவம். இந்த ஒரு இடத்தில் ஆங்கிலத்துக்குச் சரிக்குச் சரி நிற்பது தமிழ்தான்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போ, வெளியே வா, மேலே போ என்று நாங்களும் சொல்கிறோம். அவை ஆங்கிலத்தின் ‘கோ இன்’, ‘கம் அவுட்’ போலவேதான் இருக்கின்றன. ஆகவே தமிழ் முழுக்கப் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்த மொழி இல்லை. ஆனால் பஸ், ரயில், படி, றோட்டு என்று நாளாந்த அலுவல் வந்தால் இறங்கு, ஏறு, கட என்பவைதான் வாயில் வரும்.

அதனால்தான் நம்மவர் ஆங்கிலத்துக்கு ஒரு தனி மணம் இருக்கிறது. பஸ்ஸில் இருந்து ‘கெட் டவுன்’ ஆகிறோம். ஆங்கிலேயனுக்கு அது ‘கெட் ஓஃப்’. கார் என்றால் ‘கெட் அவுட்’. உள்ளே எழுந்து நடமாடக்கூடிய வாகனத்துக்கு ‘ஒன்’னும் ‘ஓஃப்’பும், உட்கார்ந்தே தீர வேண்டிய வாகனத்துக்கு ‘இன்’னும் ‘அவுட்’டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரிவரும். நமக்கு எல்லாமே இறங்குதல்தான். பிரெஞ்சுக்காரருக்கும் அப்படித்தான். கியூபெக்வாசிகள் காரில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் கப்பலுக்குரிய சொற்களையே இன்னும் வைத்திருக்கிறார்கள். ஆற்று வழியாக வந்து குடியேறியவர்களின் பேச்சு.

‘என்டர்’, ‘டிசென்ட்’, ‘ரிட்டேர்ன்’, ‘புரொசீட்’ போன்ற சொற்கள் நம்மவர் ஆங்கிலத்தில் நிறைய வருவதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவை வழியை உள்ளே வைத்திருக்கும் வினைகள். நுழை, இறங்கு, திரும்பு என்பவற்றோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துகின்றன. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததன் பின் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் ஆங்கிலத்துக்குள் வந்த சொற்கள் அவை. ஆங்கிலேயன் வீட்டில் ‘கோ இன்’ என்பான். பொலிஸ் அறிக்கையில் ‘என்டர்’ என்று எழுதுவான். நாங்கள் வீட்டிலும் பொலிஸ் அறிக்கை நடையில் பேசுகிறோம். பிழை ஒன்றுமில்லை, விறைப்பு, அவ்வளவுதான். ‘ரிட்டேர்ன் பேக்’ என்பது மட்டும் இரட்டிப்பு. திரும்புதல் ‘ரிட்டேர்ன்’னுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு மேல் ‘பேக்’ ஒன்று எதற்கு? ‘கோ டு ஹோம்’ என்பதும் அதே மாதிரி. ‘ஹோம்’ என்பது அந்த இடத்தில் ‘வீட்டுக்கு’; ‘க்கு’ ஏற்கனவே உள்ளே இருக்கிறது.

‘கோ’ பயணத்தை விட்டு விலகும் இடத்தில்தான் ஆபத்து. எங்கள் உறவினர் ஒருவர், நாங்கள் சின்னையா என்று கூப்பிடுபவர், கோத்-தே-நேஜில் மூன்றாம் மாடியில் இருந்தார். ஒரு குளிர்கால இரவு கட்டடத்தில் தீ அபாய மணி. கட்டடப் பொறுப்பாளர் கதவு கதவாகத் தட்டி, “த அலாம் வென்ட் ஓஃப்!” என்று சத்தம் போட்டுக்கொண்டு போனார். சின்னையா கதவைச் சாத்திவிட்டு வந்து சின்னம்மாவிடம் சொன்னார்: “அலாம் ஓஃப் ஆகீட்டுதாம். பயப்பிட ஒண்டுமில்லை, தேத்தண்ணியைப் போடும்.” நல்லகாலம், யாரோ சோறு கருக்கிய புகைதான் அது.

சின்னையாவைக் குற்றம் சொல்ல முடியுமா? லைட் ‘கோஸ் ஓஃப்’ என்றால் அணைகிறது. மணி ‘கோஸ் ஓஃப்’ என்றால் அடிக்கிறது. வெடி ‘கோஸ் ஓஃப்’ என்றால் வெடிக்கிறது. பால் ‘கோஸ் ஓஃப்’ என்றால் திரிகிறது. மனிதன் ‘கோஸ் ஓஃப்’ என்றால் கிளம்பிப் போகிறான். பட்டியல் போட்டுப் பாடமாக்கினால் பைத்தியம் பிடிக்கும். ‘ஓஃப்’ என்பதை விலகுதல் என்று எடுத்துப் பாருங்கள். லைட் எரிகிற நிலையை விட்டு விலகுகிறது, பால் நல்ல நிலையை விட்டு விலகுகிறது, மனிதன் இடத்தை விட்டு விலகுகிறான். மணியும் வெடியும் சும்மா கிடக்கும் நிலையை விட்டுக் கிளம்புகின்றன. ஒரே படம்தான். ‘அண்டர்’ இன்னும் எளிது. கப்பல் தண்ணீருக்குக் கீழ் போகிறது, கடன்பட்ட கடையும் அப்படியே போகிறது. ‘துரூ’ என்றால் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வருவது, அது சுரங்கமாகவும் இருக்கலாம், விவாகரத்தாகவும் இருக்கலாம்.

நம்முடைய ‘போ’ இதற்குச் சளைத்ததில்லை. கெட்டுப் போச்சு, உடைஞ்சு போச்சு, மறந்து போச்சு, களைச்சுப் போனன், செத்துப் போனார். இவற்றில் எது பயணம்? கை நழுவிப் போவதை, மீளாததை, ‘போ’வில் ஏற்றுகிறோம். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. பால் ‘பேட்’ ஆகவும், மனிதன் ‘மேட்’ ஆகவும், கண் ‘பிளைண்ட்’ ஆகவும், வியாபாரி ‘புரோக்’ ஆகவும் ‘கோ’தான் போகிறார்கள். கனவு மட்டும் ‘ட்ரூ’ ஆக ‘கம்’ பண்ணும். கெட்டது போகும், நல்லது வரும் என்பதில் இரண்டு மொழியும் ஒரே கட்சி.

வருதலும் போதலும் பேசுகிறவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை என்பதைத் தொல்காப்பியமே சொல்லிவிட்டது. அதன் கிளவியாக்கம் என்ற இயலில் வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் பிரித்து வைத்திருக்கிறார். அதனால்தான் உங்கள் வீட்டுக்கு நான் கிளம்பும்போது ‘போறன்’ என்று சொல்லாமல் ‘வாறன்’ என்கிறேன். ஆங்கிலேயனும் அந்த இடத்தில் ‘கமிங்’ என்பான். பிரெஞ்சுக்காரன் ‘ஜரீவ்’, வந்து சேர்கிறேன், என்பான், இன்னும் சப்பாத்தே போட்டிருக்க மாட்டான். வீட்டை விட்டு இறங்கும்போது மகன் ‘ஐம் ஓஃப்’ என்பதும், அவனுடைய அம்மா அதைத் திருத்திப் ‘போட்டு வாறன்’ என்று சொல்லவைப்பதும் எங்கள் வீட்டில் காலை நேரத்து வழமை.

இவ்வளவும் சொல்ல வந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. 1977இல் வந்த 101ஆம் சட்டத்தின்படி, இங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். “பிரெஞ்சு எங்களுக்குத் துப்பரவா ஒட்டாது, இங்கிலீசு எண்டால் சமாளிக்கலாம்” என்று பெற்றோர் சிலர் முதல் நாளே கையை விரிக்கிறார்கள். அந்தப் பயத்தில் ரொறன்ரோவுக்கு மாறிப் போனவர்களும் உண்டு. இன்னும் சிலர் பிரெஞ்சுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று வீட்டில் தமிழைக் குறைக்கிறார்கள். பிரெஞ்சில் கஷ்டங்கள் இருக்கின்றன, ஆண்பால் பெண்பால் ஒன்றே போதும் தலைமயிரைப் பிய்க்க. ஆனால் போக்குவரத்து வினைகளில் பிரெஞ்சு நமக்கு அடுத்த வீடு. ஏறு என்றால் ‘மோந்தே’, இறங்கு என்றால் ‘தெசாந்ர்’, நுழை என்றால் ‘ஆந்த்ரே’, வெளிக்கிடு என்றால் ‘சொர்தீர்’, கட என்றால் ‘திராவெர்சே’. ஒன்றுக்கு ஒன்று, குட்டிச் சொல் தொல்லை இல்லாமல். தமிழில் அணில் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பகுதி பாதி தெரிந்த பாடம்.

ஆங்கிலத்தில்தான் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதற்கும் இந்த ஊர் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. பிரெஞ்சோடு கலந்து வாழ்கிற மொன்றியல் ஆங்கிலேயர், வேறு இடத்து ஆங்கிலேயர் ‘டிராப் இன்’, ‘கம் ஓவர்’ என்று சொல்லும் இடத்தில் ‘பாஸ் பை’ என்று சொல்வதுண்டு. உன் வீட்டுப் பக்கம் வந்துவிட்டுப் போகிறேன் என்ற பொருளில். பிரெஞ்சு ‘பாஸே’யின் நிழல் அது. ரொறன்ரோக்காரன் அதைக் கேட்டால், வாசலைக் கடந்து போய்விடுவாய், உள்ளே வரமாட்டாயா என்று குழம்புவான். மொன்றியலில் அது சுத்தமான ஆங்கிலம்.

ஆகவே பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். ‘கோ ஓஃப்’, ‘கோ அண்டர்’ போன்றவற்றை ‘ஃபிரேசல் வேர்ப்’ என்று பட்டியலிடும் புத்தகத்தை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். ஜன்னலடியில் இருத்தி, தெருவில் போகிறதையும் வருகிறதையும் மூன்று மொழியிலும் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் முதலில்.